காய் குத்தகைக்குப் போன கிளப்

என் தாய்மாமன் தன் தென்னந்தோப்பைக் காய் குத்தகைக்கு விட்டபோது நான் அவரோடு மூன்று மாதம் பேசவில்லை. ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்து கிளப் தன் டிவி வருமானத்தில் கால் பங்கை 25 வருடத்துக்கு எழுதிக்கொடுத்தபோது ஆபீஸில் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே காரியம்தான் என்று எனக்கு உறைக்க மூன்று வருடம் பிடித்தது. இத்தனைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 16 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான்.

முதலில், இந்த ஊர்க்காரனுக்குப் பார்சிலோனா எப்படி வந்து ஒட்டியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கிரிக்கெட் உண்டு, கபடி உண்டு, ரேக்ளா பந்தயம் என்றால் பத்து ஊர் கூடும். கால்பந்தை யாரும் சீந்துவதில்லை. காற்றும் மழையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். எனக்குக் கால்பந்தும் அந்த வழியாகத்தான் வந்தது. கோவையில் கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன் பாலக்காட்டுக்காரன். 2009 மே 27 இரவு, ரோமில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதி. அவன் கட்டாயத்துக்காக உட்கார்ந்தேன். எதிரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் நெட்டை நெட்டையான ஆட்கள். ஐந்தடி ஏழு அங்குல மெஸ்ஸி அவர்களுக்கு நடுவில் எழும்பி, தலையால் முட்டிக் கோல் போட்டான். ஷூ ஒன்று கழன்று விழுந்தது. அவ்வளவுதான், ஆள் காலி.

அன்று களமிறங்கிய பதினோரு பேரில் ஏழு பேர் கிளப்பின் சொந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள் என்று அறைத்தோழன் சொன்னான். அந்தப் பள்ளிக்குப் பெயர் லா மாசியா. மாசியா என்றால் கட்டலான் மொழியில் தோட்டத்து வீடு. 1702-ல் கட்டிய ஒரு பழைய கல்வீடு, மைதானத்தை ஒட்டி நின்றது. 1979 முதல் வெளியூர்ப் பையன்களைத் தங்கவைத்துச் சோறு போட்டு ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் பேச்சில் சொன்னால், சாளை. அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அந்தக் கிளப் இன்னும் கொஞ்சம் நெருங்கிப்போனது. எங்கள் தாத்தாவின் சாளையிலும் திண்ணையில் எப்போதும் நாலு பையன்கள் படுத்துக் கிடப்பார்கள். யார் வீட்டுப் பையன்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இனிக் கணக்கு.

2020 ஜனவரியில் டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. 2018-19 பருவத்தில் உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த கால்பந்துக் கிளப் பார்சிலோனா. வருமானம் 84 கோடி யூரோ. 2021 ஆகஸ்டில் புதுத் தலைவர் யுவான் லப்போர்டா பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்: கடன் 135 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் பன்னிரண்டாயிரம் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஊரிலேயே பெரிய பணக்காரன் என்று பேர் வாங்கி ஒன்றரை வருடத்தில் ஊரிலேயே பெரிய கடன்காரன். திருப்பூரில் இருக்கிறவர்களுக்கு இது அதிர்ச்சியான கதையே இல்லை. இங்கே டர்ன்ஓவர் விருது வாங்கிய கையோடு வீட்டை விற்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கதை 2017-ல் ஆரம்பிக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை 22.2 கோடி யூரோவை முழுசாகக் கட்டி, நெய்மாரைப் பாரிஸ் கிளப் தூக்கிக்கொண்டு போனது. அதுவரை யாரும் ஒரு ஆட்டக்காரனுக்கு அந்தத் தொகையைக் கொடுத்ததில்லை. பார்சிலோனாவுக்கு ஒரே நாளில் கை நிறையப் பணம். வயிறு நிறைய அவமானம். இரண்டும் ஒன்றாக வந்தால் மனுசன் என்ன செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும்.

காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தொகை தெரியாது. மடியில் எவ்வளவு இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் மாடு வாங்கக் கூடாது, வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பார்சிலோனா மடியை அவிழ்த்துக் காட்டிக்கொண்டே சந்தைக்குப் போனது. கையில் 22.2 கோடி இருப்பது ஐரோப்பா முழுக்கத் தெரியும். டெம்பெலே என்ற ஆட்டக்காரருக்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் 10.5 கோடியும் மேற்கொண்டு சில நிபந்தனைத் தொகைகளும் வாங்கியது. நாலு மாதம் கழித்து கூட்டின்யோவுக்கு லிவர்பூல் 12 கோடி வாங்கியது, அதற்கு மேல் 4 கோடி வரை நிபந்தனையோடு. 2019-ல் கிரீஸ்மனுக்கு இன்னொரு 12 கோடி. வந்தது 22, போனது 34-க்கு மேல்.

கூட்டின்யோ கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவரை விற்ற லிவர்பூல், 2019 மே மாதம் ஆன்ஃபீல்டில் பார்சிலோனாவை 4-0 என்று அடித்து வெளியே அனுப்பியது. அடுத்த பருவத்தில் பார்சிலோனா அவரைப் பயர்ன் மியூனிக்குக்கு ஒரு வருடம் இரவல் கொடுத்தது. 2020 ஆகஸ்ட் 14, லிஸ்பனில் பயர்ன் 8, பார்சிலோனா 2. அந்த எட்டில் கடைசி இரண்டை அடித்தவர் கூட்டின்யோ. நாம் இரவல் கொடுத்த கடப்பாரையாலேயே நம் வீட்டுச் சுவரை இடித்தார்கள். அன்று ஏழாவது கோலோடு டிவியை அணைத்துவிட்டேன்; எட்டாவது விழுந்ததைக் காலையில் பேப்பரில்தான் படித்தேன். (டெம்பெலே? காயத்திலேயே பாதி நாள் போக்கிவிட்டு 2023-ல் பாரிஸுக்குப் போய், 2025-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது வாங்கினார். இதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.)

ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் விலை கணக்குப் புத்தகத்தில் எப்படி ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. ஓவர்லாக் மெஷின் வாங்கினால் அந்த வருடமே முழுத்தொகையையும் செலவாக எழுதுவோமா? தேய்மானமாகப் பிரித்து எழுதுவோம். ஆட்டக்காரனும் அப்படித்தான். 12 கோடிக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால் வருடத்துக்கு 2.4 கோடி தேய்மானம். ஆனால் ஒருவனை விற்றால் வரும் லாபத்தை அந்த வருடமே மொத்தமாக எழுதிக்கொள்ளலாம். வாங்கிய செலவு துளித்துளியாக. விற்ற லாபம் ஒரே குடமாக. இந்த ஓட்டைக்குள் ஒரு கிளப் எவ்வளவு தூரம் தலையை விடலாம் என்பதற்கு 2020 ஜூனில் ஒரு பாடம் நடந்தது. பார்சிலோனா ஆர்தரை 7.2 கோடிக்கு யுவென்டஸுக்கு விற்றது. யுவென்டஸ் பியானிச்சை 6 கோடிக்குப் பார்சிலோனாவுக்கு விற்றது. கைமாறிய பணம் என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் இரண்டு கிளப்பும் அந்த வருடக் கணக்கில் கோடிக்கணக்கில் லாபம் காட்டின. இரண்டு கம்பெனிக்காரர்கள் பழைய மெஷினை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு, பில்லை மட்டும் புது மெஷின் விலைக்குப் போட்டுக்கொண்டால் பேங்க் மேனேஜர் சந்தோஷப்படுவார். இதற்குத் திருப்பூரில் ஒரு பெயர் உண்டு. ஆடிட்டர் இந்தக் கட்டுரையைப் படிப்பார் என்பதால் எழுதவில்லை.

இத்தனை இருந்தும் கிளப்பைச் சாய்த்தது வாங்கிய விலை இல்லை, சம்பளம். என் முதல் கம்பெனியில் இதை நேரிலேயே பார்த்தேன். பெயர் வேண்டாம். 2010-ல் ஆர்டர் பிய்த்துக்கொண்டு வந்தது. முதலாளி பீஸ் ரேட்டில் தைத்துக்கொண்டிருந்த பாதிப்பேரை மாதச் சம்பளத்துக்கு மாற்றினார், பேங்கில் ஓவர்டிராப்ட் கடன் எடுத்துப் புது ஷெட் போட்டார். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சாயப்பட்டறைகள் மூடின. துணிக்குச் சாயம் போட வழியில்லை, சரக்கு நின்றது. பீஸ் ரேட் என்றால் வேலை நின்ற அன்று கூலியும் நிற்கும். மாதச் சம்பளம் நிற்காது. வேலையாட்கள் பக்கம் நியாயம் இருந்தது, முதலாளியும் கெட்ட மனுசன் இல்லை. நல்ல மாதத்து வருமானத்தைப் பார்த்து எல்லா மாதத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பார்சிலோனாவுக்கு அப்படி ஒரு மாதம் கொரோனாவோடு 2020 மார்ச்சில் வந்தது. மைதானம் பூட்டு, அருங்காட்சியகம் பூட்டு, பார்சிலோனாவுக்குச் சுற்றுலா வருகிறவன் இல்லை. டிக்கெட், கடை, கண்காட்சி என்று உள்ளூரில் வரும் பணம்தான் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். அதுதான் முதலில் நின்றது. சம்பளம் மட்டும் ஓடியது. மெஸ்ஸியின் நாலு வருட ஒப்பந்தம் 55.5 கோடி யூரோ வரை போகும் என்று 2021 ஜனவரியில் எல் முண்டோ பத்திரிகை அம்பலப்படுத்தியது. மெஸ்ஸி அதற்குமேல் சம்பாதித்துக் கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் அவருக்குக் கீழே. முதல் டெய்லருக்கு ஷிப்டுக்கு எவ்வளவு என்று தெரிந்தால், ரெண்டாவது டெய்லர் அதில் முக்கால் கேட்பான், கைமடி ஆள்கூட அரை கேட்பான். அப்படித்தான் கேட்டார்கள், கொடுத்தார்கள். பணம் இல்லாதபோது என்ன செய்தார்கள்? சம்பளத்தைப் பின்னுக்குத் தள்ளி ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 2020 அக்டோபரில் தலைவர் பர்த்தொமேவு பதவி விலகுவதற்குச் சில நாள் முன்னால்கூட நாலு பேருக்கு அப்படி நீட்டித்துவிட்டுப் போனார். இந்த மாதத்து வட்டியை அசலில் சேர்த்து எழுதிவைக்கிற பைனான்ஸ்காரர் கணக்கு.

ஸ்பெயின் லீக்கில் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு சம்பாதிக்கும், எவ்வளவு கடன் கட்ட வேண்டும் என்று பார்த்து, அணிக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டுவார்கள். வரம்பைத் தாண்டினால் புது ஆட்டக்காரனை இஷ்டத்துக்குப் பதிவு செய்ய முடியாது. பார்சிலோனாவின் வரம்பு 2019-ல் 67 கோடி யூரோ. 2021 செப்டம்பரில் 10 கோடிக்கும் கீழே. 2022 மார்ச்சில் மைனஸ் 14.4 கோடி. என் சர்வீஸில் சம்பளச் செலவுக்கு மைனஸில் வரம்பு போட்டு நான் பார்த்ததில்லை. மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டும் ஏன் முடியவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். மெஸ்ஸியோடு சேர்த்தால் வருமானத்தில் 110 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது, அவர் இல்லாவிட்டாலும் 95 சதவீதம் என்று லப்போர்டா அப்போது சொன்னார். ஆகப் பெரிய சம்பளக்காரரே போனாலும் 95 சதவீதம் என்றால் அந்தக் கம்பெனியை என்னவென்று சொல்வது.

2021 ஆகஸ்ட் 8, மேடையில் நின்று பேச முடியாமல் மெஸ்ஸி டிஷ்யூ பேப்பரில் முகம் துடைத்தார். அந்த வாரம் காதர்பேட்டையில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். நீலம்-சிவப்பு பட்டை, மெஸ்ஸியின் பத்தாம் நம்பர் போட்ட பனியன், இருநூறு பீஸ் தேங்கிக் கிடக்கிறதாம். "சார், நம்பரைப் பிரிச்சுட்டு வேற ஒட்டலாமா, இல்ல அந்தாளு திரும்பி வருவானுங்களா?" நான் வருவான் என்றேன். அவர் நம்பவில்லை, அவசரத்துக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

இப்போது மாமன் கதை.

ஆனைமலைக்குப் பக்கம் ஆறு ஏக்கர், 410 மரம். அப்புச்சி காலத்தில் வைத்தது. 2019-ல் மகள் கல்யாணம், அதற்கு முன்னால் மூன்று போர்வெல், இரண்டில் புகைதான் வந்தது. பைனான்ஸ் வட்டி மூச்சைப் பிடித்தது. எட்டு வருடத்துக்குக் காய் முழுக்கக் குத்தகைக்காரருக்கு. உரம், ஆள்கூலி அவர் பொறுப்பு. பணம் மொத்தமாக முன்னாலேயே. நான் போய்க் கால்குலேட்டரை எடுத்து வைத்தேன். செலவு போக வருடத்துக்கு மூன்றரை லட்சம், எட்டு வருடத்துக்கு 28 லட்சம் வர வேண்டியது. கையில் வந்தது 18.

"மாமா, எட்டு வருசத்துக் காயை இன்னைக்கே வித்துட்டா அப்பறம் எதத் தின்னுவீங்க?"

"மாப்ள, இன்னைக்கு நான் நின்னாத்தான் எட்டு வருசங் கழிச்சுத் தின்னறதுக்கு ஆளு இருக்கும். உன்ற கணக்குல வட்டி இருக்குது, மானம் இருக்குதா?"

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்று மாதம் பேச்சில்லை. ஐப்பசி மழையில் அம்முச்சி வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் மறுபடி முகம் பார்த்தோம்.

2022 ஜூன். பார்சிலோனா டிவி உரிமையில் 10 சதவீதத்தை அமெரிக்க முதலீட்டு நிறுவனமான சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டுக்கு 25 வருடத்துக்கு விற்றது, 20.75 கோடி யூரோ. ஜூலையில் இன்னொரு 15 சதவீதம். இரண்டும் சேர்த்து 50 கோடிக்கும் மேல். ஆகஸ்டில் கிளப்பின் படப்பிடிப்புக் கம்பெனியில் கிட்டத்தட்டப் பாதியை இரண்டு பேருக்கு விற்றார்கள், 20 கோடிக்கு என்று பேச்சு. சொன்ன பணம் முழுசாக வரவில்லை, அது தனிக் கூத்து. இவற்றுக்கெல்லாம் அவர்கள் வைத்த பெயர் பலங்கா. நெம்புகோல். பாறையை நகர்த்தக் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிற மாதிரி. அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவனுக்குச் சம்பளத்தை உயர்த்தியிருக்க வேண்டும். குத்தகை என்று சொல்லியிருந்தால் எனக்கு மாமன் முகம் ஞாபகம் வந்திருக்கும். நெம்புகோல் என்றதும் ஆர்க்கிமிடிஸ் ஞாபகம் வந்தார்.

அந்தப் பணத்தில் லெவண்டோவ்ஸ்கி வந்தார், 4.5 கோடி, வயது அப்போதே 33. ரஃபின்யா வந்தார், கூந்தே வந்தார். மைனஸில் கிடந்த வரம்பு செப்டம்பரில் 65 கோடிக்கு ஏறியது. பப்ஸ் வாங்கிக் கொடுத்தது இதற்குத்தான். 25 வருட வருமானத்தை அடகு வைத்து மூன்று வருடம் ஓடுகிற மெஷின் வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டிய ஒரே ஆள் அந்த ஆபீஸில் நான்தான். என் வாயில் பப்ஸ் இருந்தது. அந்தப் பருவம் லெவண்டோவ்ஸ்கி லீக்கில் 23 கோல் அடித்தார், கோப்பையும் வந்தது. ஆனால் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டாவது வருடமாக முதல் கட்டமான குரூப் சுற்றிலேயே வெளியேறினார்கள். அங்கே முன்னேறினால் வரும் பணத்தையும் வரவில் எழுதிவைத்திருந்தார்கள் என்பதை நினைவில் கொள்க.

குத்தகை விட்டால் காயை மட்டும் விற்கவில்லை, அதிர்ஷ்டத்தையும் சேர்த்து விற்கிறோம் என்று எனக்குக் காட்டியது 2025. 2023-ல் பொள்ளாச்சிப் பக்கம் காய் பத்து ரூபாய்க்கு அல்லாடியது. விவசாயிகள் தேங்காயை ரோட்டில் உடைத்தார்கள். குத்தகைக்காரர் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்து மாமனிடம் புலம்பினார். மாமன் உள்ளூரச் சிரித்திருப்பார், சொல்ல மாட்டார். 2025-ல் விலை மும்மடங்கு ஏறியது. அப்புச்சி காலத்திலிருந்து யாரும் பார்க்காத விலை. வெள்ளை ஈ பிடித்துக் காய்ப்பு குறைந்த தோப்பிலும் லாரி லாரியாகப் பணம். எல்லாம் குத்தகைக்காரருக்கு. மாமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தன் மரத்திலிருந்து விழுகிற காயை எண்ணிக்கொண்டிருந்தார். பார்சிலோனாவும் 2047 வரை அப்படித்தான் எண்ண வேண்டும். எனக்கு அப்போது 59 வயது.

அப்படியானால் மாமன் தோற்றார், கிளப் ஜெயித்தது எப்படி? 2024-25-ல் பார்சிலோனா ஸ்பெயினின் லீக், கோப்பா (அரசர் கோப்பை), சூப்பர் கோப்பை மூன்றையும் தூக்கியது. 2024 அக்டோபர் 26 அன்று மாட்ரிட்டுக்கே போய் ரியல் மாட்ரிட்டை 4-0 என்று அடித்தது. பயிற்சியாளர் ஹான்சி ஃப்ளிக் தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகே நிறுத்தி வைத்திருந்தார். பந்து உதைபடும் முன்னே அந்த வரிசையைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, ஆட்டம் செல்லாது. ரியலின் எம்பாப்பே ஒருவரே எட்டுத் தடவை ஆஃப்சைடு. அந்த வரிசையைப் பிடித்து நின்ற பவ் குபர்சிக்கு வயது 17. வலது பக்கம் லமீன் யமாலுக்கும் 17. குபர்சி, யமால், பால்தே, கசாடோ, ஃபெர்மின் எல்லோரும் சாளையில் வளர்ந்தவர்கள். யமாலை 2023 ஏப்ரல் 29 அன்று 15 வயது 290 நாளில் இறக்கிவிட்டது அப்போதைய பயிற்சியாளர் சாவி, அவரும் சாளை ஆள்தான்.

இவர்களை வாங்க ஒரு பைசா செலவில்லை. கணக்குப் புத்தகத்தில் இவர்கள் மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், தேய்மானமும் பூஜ்யம். பெரிய பெயர்களை வாங்கப் பணமில்லாத காலம் இவர்களுக்கு இடம் கொடுத்தது. கையில் 22 கோடி இருந்த வருடத்தில் 15 வயதுப் பையனை யார் இறக்கிவிட்டிருப்பார்கள்? ஆனால் இதில் ஒரு கத்தியும் இருக்கிறது. மதிப்பு பூஜ்யம் என்பதால், விற்றால் வருகிற முழுத்தொகையும் லாபம். பணமுடையில் இருக்கிற கிளப்புக்கு நாற்றைப் பிடுங்கி விற்பதைப்போல் சுலபமான வழி வேறில்லை. இலைஷ் மொரிபாவை, நிக்கோ கொன்ஸாலஸை அப்படித்தான் அனுப்பினார்கள். யமாலை அனுப்பாமல் இருந்தது புத்தியா, தைரியமா, விசுவாசமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. மாமன் கடன் கட்டாவிட்டால் தோப்பு ஏலத்துக்கு வரும். பார்சிலோனாவை யாரும் ஏலத்தில் எடுக்க முடியாது. 1990-ல் ஸ்பெயினில் கிளப்புகளைக் கம்பெனிகளாக மாற்றச் சொன்ன சட்டத்திலிருந்து தப்பிய நான்கில் அது ஒன்று. சொந்தக்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்கள் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2021-ல் பதவியேற்க லப்போர்டா குழு 12 கோடி யூரோவுக்கு மேல் சொந்த ஜாமீன் கட்ட வேண்டியிருந்தது. நம் ஊர் முதலாளி பேங்கில் போடுகிற பர்சனல் கேரண்டி மாதிரி. நல்ல சட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், ஐந்தாறு வருடத்துக்கு வருகிற தலைவனும் ஒரு குத்தகைக்காரன்தானே. குத்தகை முடிகிற கடைசி இரண்டு வருடம் எவனும் தோப்புக்கு உரம் போட மாட்டான். பர்த்தொமேவு செய்ததும் அதுதான், அறுத்துக்கொண்டு போனார். லப்போர்டா மட்டும் யோக்கியமா? டானி ஓல்மோ என்ற ஆட்டக்காரரை 2024-ல் வாங்கிவிட்டு முழுப் பருவத்துக்கும் பதிவு செய்ய வரம்பில்லாமல், 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் விளையாட்டுக் கவுன்சில் இடைக்கால அனுமதி கொடுத்த பிறகுதான் தொடர்ந்து ஆடவைத்தார். அந்த வரம்புக்காகக் கட்டி முடியாத மைதானத்தின் விஐபி இருக்கைகளைப் பல வருடத்துக்கு முன்கூட்டியே 10 கோடிக்கு விற்றார்கள். மைதானத்தைப் புதுப்பிக்க வாங்கிய கடன் 145 கோடி யூரோ, அது பழைய கடனுக்கு மேலே. 2025 நவம்பர் 22 அன்று பாதி கட்டிய அந்த மைதானத்துக்கு, காம்ப் நோவுக்கு, திரும்பி வந்து பில்பாவோவை 4-0 என்று அடித்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. கிரேன் தெரிந்தது, மூன்றாம் அடுக்கு காலியாக நின்றது. கல்யாண மண்டபம் கட்டி முடிக்கும் முன்னாலேயே முகூர்த்தம் வைத்த மாதிரி.

மைதானத்துக்கு வாங்கிய கடனை நான் குறை சொல்ல மாட்டேன். அது போர்வெல் கடன். தண்ணீர் வந்தால் அதுவே வட்டியைக் கட்டும். கூட்டின்யோவுக்கு வாங்கியது கல்யாணக் கடன். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி மொத்தம் எவ்வளவு என்று கேட்கிற பத்திரிகைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மாமனுடைய மூன்று போர்வெல்லில் இரண்டு புகை கக்கின என்பதும் ஞாபகத்துக்கு வரும், கோபம் அடங்கிவிடும்.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாமன் போனில் யமால் ஆட்டத்தைக் காட்டினேன். பையனை உற்றுப் பார்த்தார்.

"இவனுக்கு எத்தன வயசு?"

"பதினெட்டுங் மாமா."

"எங்க வாங்குனாங்க?"

"வாங்கலீங். ஏழு வயசுல இருந்து அங்கியே வளந்தவன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, மரங்களுக்கு நடுவே இருக்கிற வெற்று இடங்களைக் கையால் காட்டினார். ஊடாலே கன்று வைக்கப் போகிறாராம். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் நாற்பது கன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம். நெட்டைக் கன்று பாளை விட ஆறு வருடமாவது ஆகும். அவருக்கு இப்போதே 67. குத்தகை முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறதே, அதற்குள் குழி தோண்டக் குத்தகைக்காரர் விடுவாரா என்று கேட்டேன். பத்திரத்தில் காய்தான் அவருக்கு, மண் யாருக்கு என்று எழுதவில்லை என்றார். பத்திரத்தை எடுத்துப் படித்தேன். உண்மைதான், எழுதவில்லை. ஆறரை வருடத்துக்கு முன்னால் கால்குலேட்டரோடு வந்த எனக்கு அந்த வரி கண்ணில் படவில்லை.

வருகிற ஞாயிறு விடிய வரச் சொல்லியிருக்கிறார். மூணடிக்கு மூணடி, மூணடி ஆழம், நாற்பது குழி. சனிக்கிழமை ராத்திரி மேட்ச் நம் நேரத்துக்கு ஒன்றரை மணிக்கு. முடிந்த கையோடு கிளம்பினால் பல்லடம் வழியாகப் பொள்ளாச்சிக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். குத்தகைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லையாம்.